இரண்டரை மாத்திரை

கோலை நான்தான் பிடித்திருந்தேன்.
கருப்பும் வெள்ளையுமாக ஐந்து கட்டம்.
தராசு எங்களிடம் கிடையாது,
இருந்த ஒன்றும் மங்கோச்சி அலுவலகத்தில்
முள் உடைந்து ஆணியில் தொங்குகிறது.
அதனால் உயரம்தான் கணக்கு:
தலை எந்தக் கட்டத்தில் முட்டுகிறதோ
அத்தனை மாத்திரை.

முதலில் கஞ்சி.
வெறும் வயிற்றில் கொடுத்தால்
வட்டிக்காரன் போல உடனே திரும்பி வந்துவிடும்.
மக்காச்சோள மாவும் நிலக்கடலையும் சேர்த்துக்
கம்வெண்டோ வாத்தியார் தானே கிண்டினார்,
டை கஞ்சிக்குள் விழாதபடி
சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டு.

இங்கே பத்து வயதில்
பையனுக்குச் சிறுநீர் சிவந்தால்
யாரும் பதறுவதில்லை.
பெரியவனாகிறான் என்பார்கள்.
படகுத்துறை மணலில்
யாருடையது அதிகச் சிவப்பு என்று
போட்டி வைக்கிறவர்களிடம்
நான் முட்டையைப் பற்றிப் பேசினேன்,
அதன் ஒரு முனையில் இருக்கும் முள்ளைப் பற்றி.
ஆண்புழு தன் உடம்பின் மடிப்பில்
பெண்ணைப் பொத்தி வைத்திருக்கும்,
ஆண்டுக்கணக்கில் பிரியாது என்றேன்.
பின்வரிசையில் ஒருவன் சீழ்க்கை அடித்தான்.
அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

ட்வைபு வந்தான். இரண்டு.
கசப்பென்றால்
நாக்கைக் கழற்றி எறியத் தோன்றும் கசப்பு அது.
அவனுக்கு முன்னால் நின்ற முப்பத்தொரு முகமும்
கசக்கிய காகிதமாகி மீண்டன.
இவன் முகம் அசையவேயில்லை.
குவளையை அண்ணாந்தான். தொண்டை ஏறி இறங்கியது.
கண்ணில் மட்டும் நீர் திரண்டு நின்றது.
வாயைத் திற என்று சொல்லியிருக்கலாம்.
நீண்ட வரிசை. வெயில்.
அடுத்தவன் என்றேன்.

இருநூற்றுப் பதினான்கு பேர்.
நூறு சதவிகிதம் என்றெழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.

சைக்கிளைக் கரையோரமாகத் தள்ளிப் போகையில்
உசிபா மீன் காயும் பரண்களுக்கு அப்பால்
அவனைப் பார்த்தேன்.
உள்ளங்கையில் எதையோ துப்பி
சட்டை நுனியில் துடைத்து நீட்டினான்.
இடுப்பளவு நீரில் நின்றவள்
ஒரு கையால் வாளியைப் பிடித்தபடி
மறு கையில் வாங்கி முகர்ந்தாள்.
ஓரங்கள் கரைந்து
தேய்ந்த சோப்புத் துண்டுகள் போல இரண்டு மாத்திரை.

அக்காளாம். அசியாத்து. பதின்மூன்று.
மூன்றாம் வகுப்போடு நின்றவள்,
ஆகவே என் நூறு சதவிகிதத்தில் சேராதவள்.
பாத்திரம், துணி, குடிதண்ணீர், குளிக்க மறுக்கும் கைக்குழந்தை,
எல்லாவற்றோடும்
நாளெல்லாம் ஏரிக்குள் நிற்கிறவள்.

திட்டுவதற்கு வாயெடுத்தேன்.
"இவளுக்கும் சிவப்பாத்தான் போகுது" என்றான் ட்வைபு,
கசப்பில் குழறிய நாக்கோடு.
"இவ ஆம்பளை ஆகப் போறதில்லையே?"

ஏறி வா என்றேன்.
கோல் மணலில் புதைந்தது.
உடைந்த துடுப்பொன்றைக் கிடத்தி
அதன்மேல் அவளையும் கோலையும் நிறுத்தினேன்.
இரண்டரை.
சாப்பிட்டாயா? விடியலில் ஒரு மாங்காய்.
என் மதியக் களியை மூன்றாகப் பிய்த்தோம்.
அரை மாத்திரை உடைக்கையில் துண்டு தெறித்து
மணலில் எங்கோ போனது, இன்னொன்றை உடைத்தேன்.
மாலை கணக்கு உதைக்கும், உதைக்கட்டும்.
அவனுக்கும் புதிதாக இரண்டு.
இந்த முறை அவன் முகம் கோணியது, முழுசாக,
அக்காள் சிரித்தாள்,
பிறகு தன்னுடையதை விழுங்கி
அவனைவிட மோசமாகக் கோணினாள்.

பதிவேட்டில் அவளுக்கு வரி இல்லை.
அட்டையின் பின்பக்கம் எழுதினேன்.
பெயர். வயது. உயரம்.
வகுப்பு என்ற இடத்தில்
கொஞ்சம் யோசித்து
ஏரி என்று.

வாளி பாதிதான் நிறைந்திருந்தது.
கோரைத் தண்டுகளில் நத்தைகள்,
ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதையளவு.
வெயில் உச்சிக்கு வந்தால்
குஞ்சுப் புழுக்களை அவை நீரில் விடும்,
தோலைத் துளைக்க அவற்றுக்குச் சில நிமிடம் போதும்.
மணி பன்னிரண்டேகால்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
வேறு தண்ணீர் எங்கே என்று கேட்டுவிடுவாளோ என்று
சைக்கிள் சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்கவில்லை. இறங்கினாள்.
கணுக்கால்.
முழங்கால்.
இடுப்பு.