நல்ல வெளிச்சம் எத்தனை மணிக்கு

தேக்காச் சந்தைக்குப் பின்னால் எங்கள் புளோக்கு.
நான்காம் மாடித் தாழ்வாரத்தில் நின்றால்
நேர் எதிரே கோபுரம்.
வீவக கட்டியபோது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்
கைப்பிடிச் சுவரும் கோபுரத்தின் மூன்றாம் நிலையும்
இப்படிக் கண்ணோடு கண் நிற்குமென்று.
எவனோ ஒருவன் படமெடுத்து
எந்த மின்தூக்கி, எந்தப் பொத்தான் என்பதுவரை
உலகத்துக்கு எழுதிவிட்டான்.

அன்றிலிருந்து வருகிறார்கள்.
சக்கரப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு,
முக்காலி தூக்கிக்கொண்டு.
போன சனிக்கிழமை ஒரு மணப்பெண்,
வெள்ளை அங்கியின் வாலைப் பிடிக்க இரண்டு பேர்.

நான் இரவுத் தாதி.
பகல்தான் எனக்கு ராத்திரி.
என் தலையணைக்கும் அவர்களுக்கும் நடுவே
ஒரு கண்ணாடிச் சன்னல், ஒரு திரை.
தூக்கத்திலேயே கற்றுக்கொண்டேன்:
ஆறு மொழிகளில் எனக்கு
மூன்றுவரை எண்ணத் தெரியும்.

ஒருத்தி கதவையே தட்டினாள்.
கம்பில் காயும் என் சீருடையைக் காட்டி
கொஞ்சம் எடுத்துவிட முடியுமா என்றாள்,
நீலம் படத்தில் உறுத்துகிறதாம்.
எடுக்கவில்லை.
இன்னொரு கம்பு கொண்டுவந்து
பழைய பாவாடை நான்கையும் விரித்துப் போட்டேன்,
நாடா தொங்கத் தொங்க.

கோணர் வீட்டு அங்கிள் கோ
செருப்பு அலமாரியைக் குறுக்கே இழுத்துப் போட்டார்.
கடிதம் வந்தது, அவருக்குத்தான்:
தாழ்வாரம் பொதுவழி, அடைக்கக் கூடாது.
பிறகு நகர மன்றம்
நான்கு மொழிகளில் அட்டை ஒட்டியது.
மற்ற மூன்றும் சரி.
தமிழில் 'அமைதி'யின் சங்கிலிக்கொம்பு
மகரத்தை விட்டுவிட்டு
அகரத்தைப் பிடித்துத் தொங்கியது.
வந்தவர்கள் அதையும் படமெடுத்தார்கள்.

ரொஹானி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.
பண்டான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வருவாள்,
யாராவது குறுக்கே நின்றால்
குவளையோடு காத்திருப்பாள்,
அவள் வீட்டு வாசலில் அவளே விருந்தாளி போல.
எனக்கு அதுதான் எரிச்சல்.

மார்ச்சில் ஒரு விடியற்காலை
அடுப்படியில் விழுந்தாள்.
நான் அப்போது ஏழாம் வார்டில்
வேறு யாருடைய நாடியையோ பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் ஹஃபிசா படம் தேடினாள்.
திருமணங்களில், பெருநாள்களில்
எடுத்துக்கொடுத்தவள்தான் எப்போதும் ரொஹானி.
அடையாள அட்டையில் இருப்பது
அவளே இல்லை என்றாள் மகள்.

இரவு மூன்று மணி இடைவேளையில்
எங்கள் புளோக்கின் பெயரைத் தட்டித் தேடினேன்.
எத்தனை ஆயிரம் பேர், என் வாசலில்!
விரல் ஓய்ந்துபோன நேரத்தில்
கோபுரம் தாங்கும் பொம்மை போல
ஒற்றை விரலில் அதைச் சுமந்து நின்றாள் ஒருத்தி.
ஓரத்தில், குவளையோடு, ரொஹானி.
அந்த விரலைப் பார்த்து
பல் தெரியச் சிரிக்கிறாள்.
அவளுக்குப் பின்னால்
என் நான்கு பாவாடைகள்.

யாரென்று தெரியாத அவளுக்கு
எனக்கு வந்த ஆங்கிலத்தில் எழுதினேன்.
காலையில் படம் வந்தது, முழு அளவில்,
மூன்று இதயங்கள் வைத்து.
கீழே ஒரு கேள்வி:
அடுத்த வாரம் என் தம்பி வருகிறான்,
நல்ல வெளிச்சம் எத்தனை மணிக்கு?

மாலை ஆறு ஐம்பது என்று தட்டினேன்.
அழித்தேன்.
அங்கிள் கோ கதவைத் திறந்துவைத்து
கஞ்சி குடிக்கும் நேரம் அது.
நானோ ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

ஆறு ஐம்பது.
அனுப்பிவிட்டேன்.

திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
வெளியே யாரோ மூன்றுவரை எண்ணினார்கள்.
இது எந்த மொழி என்று தெரியவில்லை.