நேர்கோட்டு முறை

விண்ணப்பத்தின் ஒன்பதாம் கட்டம்
தந்தையின் ஆண்டு வருமானம் கேட்டது.
குப்பம் பக்கம் கல் குவாரிக்குப் போனவர்
வருமானமும் அனுப்பவில்லை, வரவும் இல்லை.
கோடு போட்டேன்.
கோடு செல்லாது என்றார் இ-சேவைக்காரர்.
சுழியம் போட்டால் சிவப்பில் கத்தியது திரை.
ஒரு ரூபாய் என்று போட்டோம்,
சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

அம்மாவின் வருமானத்துக்குக் கட்டம் இல்லை.

காலை ஆறேகாலுக்குப் பேரணாம்பட்டு முனையில்
ஷூ கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்.
ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் செருப்பு,
ஏறி உட்கார்ந்த பிறகுதான் காலில் மாட்டுவாள்.
மேல்தோல் தைக்கும் மிஷினில் பதினெட்டு வருஷம்.

வியாழக்கிழமை குழுக்கடன் வசூல்.
ஏழாம் வகுப்பிலிருந்து நோட்டு என்னிடம்:
பன்னிரண்டு பெயர், ஒன்பது கையெழுத்து, மூன்று கைநாட்டு.
நவநீதக்கா தவணை தவறிய வாரம்
வசூல்காரத் தம்பி இரவு ஒன்பது வரை
எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான்.
பதினோரு பேர், ஆளுக்கு ஐம்பது போட்டு அனுப்பினோம்.
கூட்டுப் பொறுப்பு என்று பிறகு
பி.காம். இரண்டாம் பருவத்தில்
ஒரு மணி நேரம் நடத்தினார்கள்.
நான் தூங்கிவிட்டேன்.

நேர்காணல் வேலூரில், ஆபீசர்ஸ் லைனில் ஒரு மாடியில்.
வெளியே கத்திரி வெயில்,
உள்ளே முதுகு வியர்வை ஏசியில் குளிர்ந்து ஒட்டியது.
ஒன்பது பெண்கள், ஒன்பது பிளாஸ்டிக் ஃபைல்.
"பொண்ணுங்களுக்கு டீச்சர் வேலைதானே வசதி,
ஃபைனான்ஸ் எதுக்கும்மா?" என்றவர்
பதிலுக்குக் காத்திராமல் முந்திரி எடுத்தார்.

என்னிடம் பதில் இருந்தது.
வசூல்காரத் தம்பிக்கு ஒரு மேனேஜர்,
மேனேஜருக்கு மேலே ஒருத்தர்,
அவருக்கும் மேலே எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து
இருபத்தாறு சதவீதம் என்று எழுதுகிற கை.
அந்த நாற்காலி எப்படி இருக்கும் என்று பார்க்கணும் சார்.
சொல்லவில்லை.

ஆடிட்டர் மட்டும் பாடம் கேட்டார்:
தேய்மானம் என்றால் என்ன, உதாரணத்தோடு.
நாற்பதாயிரம் ரூபாய் மிஷின், பத்து வருஷ ஆயுள்,
நேர்கோட்டு முறையில் வருஷத்துக்கு நாலாயிரம்.
சரி, இன்னொன்று?
இன்னொன்று தயாராக இல்லை. வாய் சொன்னது:
அம்மாவின் கண்.
போன தீபாவளி வரை ஊசியில் அவளே நூல் கோத்தாள்,
இப்போது பக்கத்து மிஷின் ஹசீனா கோத்துத் தருகிறாள்.
"அது கம்பெனி சொத்து இல்லையேம்மா."
"ஆமா சார். அதான் எங்கேயும் எழுதலை."

பேனா மூடும் சத்தம் கேட்டது.
அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

பள்ளிகொண்டா பாலம் வரும்வரை பஸ்ஸில்
என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.
கணினி சொல்லியிருக்கலாம்,
லாரி சொல்லியிருக்கலாம்,
கீழே பாலாற்று மணலில்
ஒன்று நின்றுகொண்டுதானே இருந்தது.

ஆனியில் கடிதம் வந்தது.
செல்வி மு. தேவசேனா என்று தொடங்கி
வருஷத்துக்குப் பதினெட்டாயிரம்.
கல்லூரிக்கு இருபத்திரண்டு. மீதி நாலுக்கு என்ன வழி என்று
உறையின் முதுகில் நான் கழித்துக்கொண்டிருக்க
வேனிலிருந்து இறங்கிய அம்மா
கை கழுவாமலே கேட்டாள்: வட்டி எவ்வளவு?
வட்டி இல்லைம்மா.
வாரத் தவணையா, மாசத் தவணையா?
திருப்பிக் கட்டவே வேண்டாம்.
அப்போ ஜாமீன் கையெழுத்து? நவநீதமா? வேணவே வேணாம்.
யாரும் இல்லைம்மா.

பயந்துபோனாள்.
அடியில் பொடி எழுத்து இருக்கும் பாரு என்றாள்.
தானே வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே
தள்ளிப் பிடித்து, இன்னும் தள்ளிப் பிடித்து,
கை நீளம் போதாமல் திருப்பித் தந்தாள்.

இருந்தது. படித்தேன்:
"மதிப்பெண் அறுபது விழுக்காட்டுக்குக் குறைந்தால்
உதவி நிறுத்தப்படும்."

அதானே பார்த்தேன், என்றாள்.
முகம் தெளிந்து
சோற்றுப் பானையைத் திறந்தாள்.