கொழுப்பு 4.2

வேலந்தாவளம் பால் சங்கத்தில்
ஒரு விடிகாலை ஐந்தேமுக்காலுக்கு
மெஷின் பாலைச் சோதிக்க மாட்டேன் என்றது.
உரிமம் முடிந்துவிட்டதாம்.
திரையில் ஆங்கிலத்தில் மன்னிப்பு,
கீழே ஒரு பெங்களூர் எண்,
ஒன்பது மணிக்கு மேல் அழைக்கவும்.

மடி கனத்த மாட்டிடம் யார் போய்ச் சொல்வது
ஒன்பது மணி என்று?
செயலாளர் சாபு விரலில் தொட்டு நாக்கில் வைத்து
முப்பத்தொரு கேனுக்கும் மூன்றரை என்றே எழுதினார்.
அன்றைக்குத் தண்ணீர் கலந்தவன் ஜெயித்தான்.

மதியம் அதை என் கடைக்குத் தூக்கி வந்தார்கள்.
(ஃபிலோமினா மொபைல்ஸ். ரீசார்ஜ், ரிப்பேர்.)
முதுகில் ஒரு வெள்ளி ஸ்டிக்கர்:
திறந்தால் உத்தரவாதம் செல்லாது.
கிழித்தேன்.
உள்ளே மோட்டார் சுற்றியது, குழாய் சுத்தம்,
ஒரு ஒயர்கூட அறுந்திருக்கவில்லை.
மூளை மட்டும் வாடகைக்கு இருந்தது.

அதைக் கழற்றிவிட்டு
உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு,
நகத்தளவு மெமரி கார்டில் லினக்ஸ்.
காசில்லை என்றேன் சாபுவிடம். அவருக்கு அது போதும்.
எனக்குப் பிடித்தது வேறு:
ஸ்விட்ச் போட்டதும் கறுப்புத் திரையில்
வரி வரியாக ஓடுமே,
இதைக் கண்டேன், இதைக் காணோம்,
இதற்காகக் காத்திருக்கிறேன்.
இவ்வளவு வெள்ளந்தியாக
எந்தக் கம்பெனிக்காரனும் என்னிடம் பேசியதில்லை.

முதல் மழையில் வெப்பமானி உளறியது.
டிரைவரைத் திறந்து படித்துக்கொண்டே போனேன்.
இருநூற்றுப் பதினாலாம் வரிக்கு மேல்
யாரோ எழுதி வைத்திருந்தார்:
'ஈரக் காற்றில் இது பொய் சொல்லும்.
இரண்டு தரம் கேள். இரண்டாவதை நம்பு.'
பேர் வாயில் நுழையவில்லை.
பனி பெய்கிற ஊராக இருக்கலாம்.
அவரையும் யாரோ விடிவதற்குள் கேட்டிருக்கிறார்கள்.

கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்:
'தவிட்டுத் தூசியிலும்.'
அனுப்புவதற்குள் என் போன்
எந்த டவரைப் பிடிப்பது என்று தடுமாறி
ஒரே நாற்காலியில் இருந்த என்னைக்
கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும்
நாலு முறை வரவேற்றது.
மூன்று வாரம் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள்,
ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி.

ரசீதுக்கு இரண்டு மொழி வைத்தேன்.
எழுத்துதான் வேறே, இரண்டிலும் சொல் ஒன்றே.
மருதாசலம் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து,
"கொழுப்பு நாலு புள்ளி ரெண்டு.
மாட்டுக்கா, எனக்கா?"
வரிசையே சிரித்தது.
அப்புறம் அவரே,
"போன மாசம் வரைக்கும் மூணே முக்காலுதானே.
மிச்சம் எங்க போச்சு?"
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பழையது எப்படிக் கணக்குப் போட்டதோ, தெரியாது.
இது போடுவதைக் காட்டுகிறேன் என்று திரையைத் திருப்பினேன்.
இங்கே பெருக்குகிறது, இங்கே கழிக்கிறது.
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இதுல எம் மாடு எங்க?"
ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினேன்.
அவரும் தொட்டார். திரையில் தவிடு.

ஒரு குறை இன்னும் இருக்கிறது.
கரண்ட் போய் வந்தால் போர்டுக்குத் தேதி மறந்துவிடும்.
நேற்று எல்லா ரசீதிலும்
1970, ஜனவரி ஒன்று.
எங்கம்மாவே அப்போ பொறக்கல,
நான் பால் ஊத்தியிருக்கேன் என்கிறாள் ஷைலஜா.
ஒரு பட்டன் செல் வைத்தால் தீரும்,
சனிக்கிழமை கோயம்புத்தூர் போகணும்.
அதுவரை தேதியைப் பேனாவால் அடித்து எழுதுகிறேன்.
மணியை அப்படியே விட்டுவிட்டேன்.
காலை ஐந்தரை என்று காட்டுகிறது,
கறவை நேரம்தான்.