அக்டோபர் யார் கணக்கில்

பந்தாய் டாலாமில் ஏறி
சென்ட்ரலில் இறங்கினால்
மோனோரயிலுக்கு நேர்வழி கிடையாது.
அட்டையைத் தட்டி ஒரு வாசலைவிட்டு வெளியே வந்து
பேரங்காடியின் வயிற்றுக்குள் நுழைந்து
செருப்புக்கடை, கண்ணாடிக்கடை,
எழுபது வெள்ளிக்கு முடிவெட்டும் கடை
எல்லாம் தாண்டி
மறுபடி அட்டையைத் தட்ட வேண்டும்.
நடுவில் நடக்கிற நடை
எந்த ரயிலின் கணக்கிலும் இல்லை.

செப்டம்பர் வரை
நாங்கள் கெபாஜிகான் ஆட்கள்.
லாரி ஓட்டிய வீரபத்திரனுக்கு
இடப்பக்கம் விழுந்துபோனதற்கு
மாதம் ஐந்நூறு.
அதில் நானூற்று எண்பது யாப்புக்கு,
பின்பாதி வீட்டின் வாடகை.
"மிச்சம் இருபதை என்ன செய்யலாம், துரை?" என்பேன்.
வலப்பக்க வாயால் மட்டும் சிரிப்பார்.

பிறகு சொக்சோ கடிதம் வந்தது.
யஷ்வினி மலாயில் ஒருமுறை,
தமிழில் இரண்டுமுறை படித்தாள்.
ஓய்வூதியம் அங்கீகரிக்கப்பட்டது.
அறுநூற்று முப்பது.
அன்றைக்கு முட்டைக் குழம்பு,
ஆளுக்கு இரண்டு.

பழைய உதவி மறுமாதமே நின்றது.
நிற்பதற்கு மட்டும் எத்தனை சுறுசுறுப்பு!
புதிய பணம் 'நடவடிக்கையில் உள்ளது.'
இந்தக் கவுண்டரில், கோப்பு மூடியாயிற்று.
அந்தக் கவுண்டரில், கோப்பு இன்னும் மேலிருந்து இறங்கவில்லை.
புவான் நோர்ஹஸ்லினா நல்ல பெண்தான்,
மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
அக்டோபருக்கு மட்டும்
அவள் கணினியில் பொத்தான் இல்லை.

ஐந்தாம் தேதி யாப் வந்தார்.
தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.
கடிதத்தைக் காட்டினேன்.
கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.
"அழகான கடிதம். என் பேங்க் இதை வாங்குமா?
எனக்கும் ஏழாம் தேதி இருக்கிறது, அக்கா."
பொய்யில்லை அது.
அதனால்தான் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

கிளினிக்கில் தரை துடைக்கும் நாங்கள் ஆறு பேர்
கூட்டு பிடிக்கிறோம், மாதம் நூறு.
என் முறை பிப்ரவரி.
அக்டோபர் மரியபுஷ்பத்துடையது,
மகனுக்குக் கண்ணாடி வாங்க.
வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.
அவளும் வாளியைப் பார்த்துக்கொண்டே,
"பிப்ரவரி வரைக்கும்
அவன் முன்வரிசையில் உட்காரட்டும்" என்றாள்.
பாரம் இல்லை. நகல் இல்லை.
அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வேண்டியிருக்கவில்லை.

நவம்பருக்கு என்ன செய்தேன் என்று
கேட்க வேண்டாம்.
துணி துவைக்கும் இயந்திரம் இருந்த இடத்தில்
இப்போது வட்டமாய் ஒரு துரு.

டிசம்பரில் பணம் வந்தது,
ஜூலையிலிருந்து கணக்குப் போட்டு, மொத்தமாக.
அன்று மாலையே மரியபுஷ்பத்தின் கையில்
அவள் அக்டோபரைத் திருப்பி வைத்தேன்.
யாப்பின் நோட்டில் நவம்பருக்கும் டிசம்பருக்கும் கோடு விழுந்தது.
கீழே அவர் ஏதோ எழுதினார், சீனத்தில்.
நல்லதாகத்தான் இருக்கும்.

எட்டாம் நாள் பதிவுத் தபால்.
ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்
மூன்று மாதமும் இரண்டு பக்கம் பெற்றிருக்கிறீர்கள்,
ஆயிரத்து ஐந்நூறைத் திருப்பிக் கட்டவும்.

இரண்டும் வந்த மாதங்களை
வீட்டு எண்ணோடு தேடிப் பிடித்துவிட்டார்கள்.
ஒன்றும் வராத மாதத்தை
எவரும் விசாரிக்கக்கூட இல்லை.
(வந்தது என்றும் எப்படிச் சொல்ல?
ஜூலையில் எங்களுக்கு வந்தது ஒன்றுதான்.
இன்னொன்று டிசம்பரில் வந்து
ஜூலை என்று பெயர் சொன்னது.)

மாதம் ஐம்பதாகக் கட்டலாமா என்று கேட்க
இன்று போகிறேன்.
முப்பது மாதம். யஷ்வினி கணக்குப் போட்டுவிட்டாள்.
செருப்புக்கடைக்கு எதிரே
ஒரு பலகையில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.
காவலுக்கு நிற்கும் நேபாளிப் பையன் வந்து
தெரிந்த மலாயில் மெல்லச் சொல்கிறான்,
இங்கே ரொம்ப நேரம் உட்காரக் கூடாது.

முழங்கால்தான் தம்பி, எழுந்துவிடுகிறேன்.
அட்டையில் இரண்டு வெள்ளி நாற்பது சென் இருக்கிறது.
போவதற்குக் காணும்.