வலது மூலை

கால் நனைந்துதான் தெரிந்தது.
இரவு ஒன்றே முக்கால்,
இந்தக் கிழமை எனக்கு நைட் டியூட்டியும் இல்லை.
குழாயாக்கும் என்று குனிந்து
விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
உன்னுடைய தொட்டி.

முதலில் மெயின் சுவிச்.
பிளக்கெல்லாம் தண்ணிக்குள் கிடந்தது.
ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடினேன்:
வலது மூலை, அடிப்பக்கம்,
சிலிக்கன் ஒரு விரற்கடை நீளத்துக்கு
உதடு பிளந்தமாதிரி.

காயத்தை அமத்துவதுபோல அமத்தினேன்.
பன்னிரண்டு வருசம் வார்ட்டில் பழகிய கை.
ஆனால் கண்ணாடிக்கு இரத்தம் உறையாது.

நீ டோஹாவிலிருந்து எடுத்தாய்.
"ரேப் ஒட்டு, வெளியால ஒட்டு,
பாறையளை வெளியில வைக்காதை,
அந்தத் தண்ணியை வீணாக்காதை."
ஈரத்தில் எந்த ரேப் ஒட்டும், சொல்லு?
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
அது அரிசிப் பேணிக்கு மேல் கிடந்து
உன் குரலில் கத்திக்கொண்டிருந்தது.

வீணாக்காதை என்றாய்.
பவுசர் வரும் நாளில்
நானும் ஜெனிற்றாவும் கான் பிடித்து நிற்கிற ஒழுங்கையில்
நீ விலைக்கு வாங்கின தண்ணியில்
விலைக்கு வாங்கின உப்பைக் கரைத்துக்
கடல் செய்து வைத்தாய்.
மூன்று ஒழுங்கை தள்ளி
சும்மா கிடக்கிறது கடல்,
மண்ணெண்ணெய் மினுங்க.
அது ஆகாதாம் உன் மீனுக்கு.

மகளை எழுப்பினேன்.
வாளி இரண்டு, குழந்தையில் அவளைக் குளிப்பாட்டிய பேசின்,
பொங்கல் பானை, பிறகு
கையில் பட்டதெல்லாம்.
தோட்டத்து ஹோசை வாயால் உறிஞ்சி இறக்கினேன்.
ஒரு மிடறு உள்ளே போனது.
உன் கடலின் ருசி எனக்கு இப்போது தெரியும்.

பானையும் நிரம்பியபோது
பின்வேலியால் கூப்பிட்டேன்.
தொழிலுக்கு வெளிக்கிட்டு நின்ற பெனடிக்ற்
ரெஜிபோம் பெட்டியோடு வந்தான்,
கொழும்புக்கு ஐஸ் போட்டு மீன் ஏத்துகிற பெட்டி.
புது மெத்தையின் பொலித்தீனை உள்ளே விரித்தோம்.
"அக்கா, இதுக்குள்ள
உயிரோட மீன் போறது இண்டைக்குத்தான்."
சிரிக்க நேரமில்லை.
சிரித்தோம்.

கோமாளி மீன் இரண்டும் லேசாய் வந்தன.
மஞ்சள் மீன் பாறைக்குள் ஒளிந்து
பாறையோடுதான் வந்தது.
இறால் ஒன்று, பெயர் தெரியாத நத்தை ஒன்று.
கடல் தாமரையை நான் தொடவேண்டிய விதத்தில் தொடவில்லை,
அடியோடு பிய்ந்துவிட்டது.
அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் இல்லை, மோட்டர் இல்லை.
கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊத்தினோம்,
நானும் மகளும் மாறி மாறி
விடியும்வரை.
காற்று கலக்கவேண்டும் என்று
எங்கோ படித்தாளாம்.
அந்தோனியார் கோயில் மணி அடித்தபோது
அவள் கோப்பையோடே நித்திரை.

காலையில் புதுத் தண்ணி கரைத்தேன்.
ஒரேயடியாய் ஊத்தினால் செத்துவிடும் என்று
அதுவரை நீ பத்துத்தரம் சொல்லியிருந்தாய்.
அலுமாரியில் கிடந்த சேலைன் குழாயை எடுத்து
யன்னல் கம்பியில் கட்டினேன்.
நிமிசத்துக்கு முப்பது சொட்டு.
இதில் எனக்கு நீ பாடம் எடுக்கத் தேவையில்லை.

மத்தியானம் வீடியோவில் வந்தாய்.
மீனைக் காட்டு என்றாய்.
நான் மூலையைக் காட்டினேன்.
பிறகு நிலத்தை:
சீமெந்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து,
எத்தனைதரம் துடைத்தாலும்
செருப்பில் ஒட்டிக்கொண்டு அறைக்கறை போகிறது.
நீ கொஞ்சநேரம் பேசவில்லை.
"உனக்கு ஒண்டும் ஆகேல்லையே,
பிளக்கடியில நிண்டனி?"
இதைக் கேட்க உனக்குப் பத்து மணித்தியாலம்.
பரவாயில்லை. கேட்டாய்.

பின்னேரம் பெனடிக்ற் வேலியடியில் நிற்கிறான்.
நல்ல சீலா பட்டிருக்காம்,
பெட்டி வேணுமாம்.

சொட்டு இன்னும் முடியவில்லை.
பொறு எண்டன்.
நாளைக்குத் தாறன்.