கோட்டுக்குக் கீழே

காரங்காட்டுச் சேற்றில்
ஆண் நண்டுக்கு ஒரு கை அரிசியளவு,
மறு கை உடம்பளவு.
வற்றம் வந்தால் வளைவாசலில் நின்று
பெரியதை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி
யாரையோ கூப்பிட்டபடி இருக்கும்.

மண்டபத்து ஆய்வகத்தில்
இதே நண்டைப் பஞ்சு சுற்றிக் கட்டி
கண்காம்பின் அடியில்
முடியினும் மெல்லிய கம்பி இறக்கியிருக்கிறேன்.
திரையில் ஒரு கறுப்புப் பொட்டு.
கண்மட்டத்துக்கு மேலே நகர்த்தினால்
ஒலிபெருக்கியில் கடலை வறுபடும்.
அதே பொட்டு, அதே வேகம்,
ஒரு விரற்கடை கீழே:
சட்டி ஆறிவிடும்.

தொடுவானம் அதற்கு ஒரு கோடு.
மேலே அசைவதெல்லாம் கொக்கு.
கீழே அசைவது
சொந்தம், அல்லது சண்டை, அல்லது கல்யாணம்.
சுண்டைக்காய் அளவு மூளைக்கு
இவ்வளவு தெளிவு போதுமாயிருக்கிறது.

நான் ஐந்தடி இரண்டங்குலம்.
மூன்று மாதமாக என் குறிப்பேட்டில்
துளைகள்தான் இருந்தன.

மட்டி பொறுக்க வரும் அமலோற்பவம்
ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்:
"நின்னுக்கிட்டே பாத்தா எப்படி வரும்?
நீயும் கொக்கும் ஒண்ணுதானே அதுக்கு."
வெற்றிலைச் சுண்ணாம்பை
என் கட்டைவிரலில் வழித்துவிட்டாள்.

ஓடைக்குள் இறங்கினேன்.
கரைக்குக் கீழே தலையை ஒடுக்கி
கையை மட்டும் சேற்றின்மேல் கிடத்தினேன்.
வெயில் பிடரியில்.
உமரிச்செடி முழங்கையை உரசிக்கொண்டிருந்தது.
வெள்ளை விரலை ஏற்றி இறக்கினேன்.
எவ்வளவு நேரமோ.

அலையாத்திக் கட்டைபோல்
அசையாமல் உட்கார்ந்திருந்தவள்
உதடு பிரியாமல் சொன்னாள்:
"ஒண்ணு வந்திருச்சு.
கையாட்டுது, புள்ள. உனக்குத்தான்."

எனக்கு மண்சுவர்தான் தெரிந்தது,
அதில் ஒரு சிப்பித் துண்டு.
நகத்தருகே ஏதோ நடந்த மாதிரி இருந்தது.
நான் பக்கத்து வளைக்காரனா, எதிரியா,
என்னவாக அது என்னை முடிவுசெய்தது?
அந்த முடிவு எந்த நரம்பில் விழுந்தது?
கம்பியெல்லாம் மண்டபத்தில் இருந்தன.

பார்த்துவிட வேண்டும் என்று
தலையை உயர்த்தினேன்.

சேறு முழுக்கத் துளை.
ஒரு கை இல்லை.

அமலோற்பவம் சிரித்த சிரிப்பில்
அக்கரைக் கொக்கே எழுந்துபோனது.

தொண்டிப் பேருந்தில் விரல் காந்தியது.
மடியில் குறிப்பேட்டை விரித்து எழுதினேன்:
ஆண், ஒன்று. கையசைத்தது.
பார்த்தவர்: அமலோற்பவம்.