பதினோராவது நாள்

சாட்ஸ்வொர்த்தில் குரங்குகளுக்கு எல்லாம் தெரியும்,
சமையலறை ஜன்னலின் கொக்கி,
எந்த வீட்டில் ரொட்டி, எந்த வீட்டில் நாய்.

என் மகன் தேவேஷன் பதினோரு நாள்
ஒரு மாங்காய்க்குக் காவலிருந்தான்.
எழுந்ததும் மூக்கை வைத்து முகர்வான்.
"நாளைக்கா?"
"நாளைக்கு."

இன்று அது போய்விட்டது.

கூரைத் தகரத்தில் சாறு வழிகிறது.
கீழே இவன்
சட்டைப் பொத்தானை இழுத்து இழுத்து அழுகிறான்.
சாலை முனையில் டாக்ஸி ஹாரன் அடிக்கிறது, என்னைத்தான்.

"ஒரு மாம்பழம்தானே" என்றேன்.
அழுகை ஏறியது.
"சாயங்காலம் ஒரு பெட்டியே வாங்கி வர்றேன்."
இன்னும் ஏறியது.

பையைக் கீழே வைத்தேன்.
ராத்திரி மழையில் நனைந்த சிமெண்டில்
அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
யூனிஃபார்ம் ஈரமாகும், ஆகட்டும்.
"பழம் போச்சேன்னா?"
இல்லையென்று தலையாட்டினான்.
"குரங்கைப் பாத்துப் பயமா?"
இல்லை.
எனக்குக் கேள்விகள் தீர்ந்தன.

வெகுநேரம் கழித்து, விக்கலுக்கு நடுவே:
"அது என்னைப் பாத்துக்கிட்டே தின்னுச்சும்மா."

இதற்கு எந்தக் கடையில் என்ன வாங்கித் தருவது?

"மோசம்டா" என்றேன். "ரொம்ப மோசம்."
போன மாதம்
எனக்கு வரவேண்டிய பகல் ஷிஃப்டைப் பிடுங்கி
என் நாற்காலியிலேயே உட்கார்ந்து
என்னைப் பார்த்துச் சிரித்தவள் நினைவுக்கு வந்தாள்.
எல்லோரும் சொன்னார்கள்,
ஒரு ஷிஃப்ட்தானே.

டாக்ஸி போய்விட்டது.
அவன் தலை என் தோளில் கனக்கிறது,
மூக்குச் சளி கழுத்துப்பட்டையில்.
கூரைமேல் கொட்டையை நக்கியபடி
அது இன்னும் பார்க்கிறது.
நாங்களும் பார்க்கிறோம்,
இரண்டு பேராக.